கேம் செஞ்சு கோடிங் கத்துக்கிட்ட பிள்ளைகள்: ஒரு சின்ன வரலாறு

1/
போன வாரம் ஓபியில் ஒரு அம்மா, எட்டாவது படிக்கும் மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. தலைவலி. தூக்கம், சாப்பாடு, கண் பார்வை எல்லாம் விசாரிச்சு முடிச்சதும் அம்மா உண்மையான புகாருக்கு வந்தாங்க.

"எந்நேரமும் போன்ல கேம்தான் சார். நீங்களாவது சொல்லுங்க."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படுக்கப் போறதுக்கு முன்னாடி போன் வேண்டாம், கண் டாக்டரை ஒரு தடவை பார்த்துடுங்க, இப்படி.

2/
கிளம்பும்போது பையனிடம் சும்மா கேட்டேன்.

"தம்பி, நீ ஆடுற கேமை யாருப்பா செஞ்சது?"

"கம்பெனி சார்."

"நீ ஒரு கேம் செய்ய முடியுமா?"

சிரிச்சான். நிலாவுக்குப் போயிட்டு வர்றியான்னு கேட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல இருந்துச்சு. ஏன்னா, ஒரு காலத்தில் அவன் வயசுப் பிள்ளைகள் நிறைய பேர் கேம் செஞ்சுதான் கம்ப்யூட்டரையே கத்துக்கிட்டாங்க. அந்த வரலாறுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

3/
முதலில் ஒன்றைச் சொல்லிடறேன். நான் எம்.பி.பி.எஸ். ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப். எங்க பள்ளியில் கம்ப்யூட்டர் லேப்னா, செருப்பை வாசலில் கழற்றி விட்டுட்டு, ஏசி அறைக்குள்ள வரிசையாகப் போய், "எதையும் தொடாதீங்க"ன்னு சொல்றதைக் கேட்டுட்டு, வரிசையாகவே வெளியே வருவது. பள்ளிக் காலம் முழுக்க என் கைக்குக் கீபோர்டு கிடைத்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது.

நான் இங்கே எழுதுவது எல்லாம் பிற்பாடு ஆர்வத்தில் படித்துத் தெரிந்துகொண்டது.

4/
சரி, 1960-களின் தொடக்கத்துக்குப் போவோம். அமெரிக்கா.

அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். அதன் பக்கத்தில் போக எல்லாருக்கும் அனுமதி கிடையாது. ப்ரோகிராமை அட்டைகளில் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டி, ஆபரேட்டரிடம் கொடுக்கணும். அவர் தன் முறை வரும்போது அதை ஓட்டுவார்.

ரத்த சாம்பிள் கொடுத்துட்டு மறுநாள் வந்து ரிப்போர்ட் வாங்குவோம் பாருங்க, அப்படித்தான். ஆனால் இங்கே ஒரு கமா விட்டுப்போயிருந்தால் ரிப்போர்ட்டே வராது. மறுபடி அட்டை, மறுபடி வரிசை.

இப்படிப்பட்ட இயந்திரத்தில் யாராவது விளையாட முடியுமா? தப்பு செய்து பார்க்கத்தான் முடியுமா?

5/
நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மவுத் என்று ஒரு கல்லூரி. அங்கே இரண்டு கணிதப் பேராசிரியர்கள். ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ்.

கெமெனி ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். யூதக் குடும்பம். 1940-ல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்கள். பையன் பிற்பாடு லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்துக்கான கணக்குகளைப் போட்டார். பிரின்ஸ்டனில் படிக்கும்போது ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராக இருந்தார்.

கர்ட்ஸின் கதை வேற. கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லாத நாட்களில், துளையிட்ட அட்டைகளைத் தூக்கிக்கிட்டு ரயிலேறி பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி-க்குப் போய் ஓட்டிட்டு வருவார்.

கம்ப்யூட்டருக்காகக் காத்துக்கிடப்பது என்றால் என்னன்னு உடம்பால் தெரிஞ்சவர்கள் இருவரும்.

6/
அவர்கள் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் அச்சாணி.

கல்லூரி நூலகத்தில் எந்த மாணவனும் போய், யாரையும் கேட்காமல், அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம் இல்லையா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்கணும் என்றார்கள். கணக்குப் பாடம் படிப்பவனுக்கு மட்டும் இல்லை. வரலாறு, இலக்கியம் படிப்பவனுக்கும். "எதுக்கு உனக்கு?" என்ற கேள்வி கேட்கக் கூடாது.

(அன்று டார்ட்மவுத் ஆண்களுக்கு மட்டுமான கல்லூரி. பெண்களை மாணவிகளாகச் சேர்த்தது 1972-ல்தான். "எல்லாருக்கும்" என்ற சொல்லுக்கும் அன்றைக்கு ஒரு எல்லை இருந்தது.)

7/
இதுக்கு இரண்டு விஷயம் தேவைப்பட்டது.

ஒன்று, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இயந்திரம் உங்களுக்குக் கொஞ்ச நேரம், எனக்குக் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி வேலை செய்யும். ஆனால் ஆளாளுக்குத் தனி கம்ப்யூட்டர் கிடைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு, எளிய மொழி. அதற்குத்தான் பேசிக் என்ற ப்ரோகிராமிங் மொழியை உருவாக்கினார்கள். பிரிண்ட், இஃப், லெட், கோ டூ என்று சாதாரண ஆங்கிலச் சொற்கள்.

1964 மே 1, விடிகாலை 4 மணி. இரண்டு டெர்மினல்களில் ஒரே நேரத்தில் பேசிக் ப்ரோகிராம்கள் ஓடி, இரண்டிலும் சரியான விடை வந்தது. அந்த சிஸ்டத்துக்கான வேலையில் பெரும்பங்கைச் செய்தவர்கள் யார் தெரியுமா? இளநிலை மாணவர்கள். நம்ம ஊர்க் கணக்கில் காலேஜ் பசங்க.

8/
இயந்திரத்தைத் திறந்துவிட்டதும் மாணவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுப்பாடம் செய்தார்கள். அதோடு சேர்த்து, கேம் எழுத ஆரம்பித்தார்கள்.

கோடிக்கணக்கில் பெறுமானமுள்ள இயந்திரத்தில் விளையாட்டா என்று பேராசிரியர்கள் பூட்டுப் போட்டிருக்கலாம். போடவில்லை. கம்ப்யூட்டர் மேல் இருக்கும் பயம் போக விளையாட்டு நல்ல வழி என்று பார்த்தார்கள். கெமெனியே உட்கார்ந்து தன் கல்லூரி அணி ஆடும் அமெரிக்கக் கால்பந்தை ஒரு கேமாக எழுதினார்.

பேராசிரியரே கேம் எழுதினால் மாணவன் எழுத மாட்டானா?

9/
"கேம்"னு சொன்னதும் இன்றைய போன் கேமை நினைக்காதீங்க. அன்று திரையே கிடையாது. டெலிடைப் என்று தட்டச்சு இயந்திரம் போல ஒன்று. நீங்கள் தட்டுவதும் கம்ப்யூட்டர் பதில் சொல்வதும் காகிதச் சுருளில் அச்சாகி வரும். சத்தம் தடதடன்னு இருக்கும்.

படம் கிடையாது, இசை கிடையாது. கேம் முழுக்க எழுத்துதான். அதனாலேயே ஒரு பத்து இருபது வரியில் ஒரு கேம் முடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளை முழுசா வாசிச்சுப் புரிஞ்சுக்கலாம்.

10/
ஒரு உதாரணம். எண்ணைக் கண்டுபிடிக்கும் கேம். பேசிக்கில் இருப்பதை நான் தமிழில் எழுதறேன்.

10 ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணை ரகசியமாக எடுத்துக்கொள்
20 ஆடுபவரிடம் ஒரு எண் கேள்
30 அது ரகசிய எண்ணை விடச் சின்னதா? "சின்னது" என்று சொல், 20-க்குப் போ
40 அது பெரியதா? "பெரியது" என்று சொல், 20-க்குப் போ
50 "சபாஷ்" என்று சொல்

அவ்வளவுதான். கேம் முடிஞ்சது.

(வரி எண்கள் ஏன் 10, 20, 30 என்று போகுது? நடுவில் ஏதாவது மறந்துவிட்டால் 25 என்று ஒரு வரி செருகிக்கொள்ளலாம். மறதிக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைத்த மொழி அது!)

11/
இந்த ஐந்து வரியில் என்னவெல்லாம் இருக்கு பாருங்க.

ஒரு மதிப்பை நினைவில் வைப்பது. வெளியிலிருந்து தகவல் வாங்குவது. இரண்டை ஒப்பிட்டு முடிவெடுப்பது. அதே வேலையைத் திரும்பச் செய்வது. பதில் சொல்வது. தற்செயலாக ஒரு எண்ணைத் தேர்வது.

இன்றைக்குப் பைத்தானோ ஜாவாவோ, எந்த மொழியின் புத்தகத்தை எடுத்தாலும் ஆரம்ப அத்தியாயங்கள் இவைதான். பாடமாகச் சொன்னால் கொட்டாவி வரும். கேமாகச் செய்தால் பிள்ளை தானே தேடி வரும்.

12/
டார்ட்மவுத் செய்த ஏற்பாட்டை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வெளியாட்களுக்கும் கொண்டுபோனது. தொலைபேசி இணைப்பில் கம்ப்யூட்டர் நேரத்தை வாடகைக்கு விட்டார்கள்.

1968-ல் சியாட்டில் நகரில் லேக்சைடு என்ற பள்ளி. அங்கே மாணவர்களின் அம்மாக்கள் சங்கம் ஒன்று பழைய பொருட்களை விற்றுச் சேர்த்த காசில் ஒரு டெலிடைப்புக்கும் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் ஏற்பாடு செய்தது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் உட்கார்ந்து எழுதிய முதல் ப்ரோகிராம் என்ன? நாம நோட்டில் போடும் எக்ஸ்-ஓ ஆட்டம். அந்தப் பையன் பில் கேட்ஸ்.

அவரும் நண்பர் பால் ஆலனும் 1975-ல் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் முதல் தயாரிப்பும் பேசிக்தான். ஆல்டேர் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக எழுதியது.

வசதியான தனியார் பள்ளி என்பதை மறக்க வேண்டாம். ஆனால் "பசங்க தொடட்டும்" என்று காசு சேர்த்த அம்மாக்களையும் மறக்க வேண்டாம்.

13/
1969. அப்போலோ 11 நிலாவில் இறங்கிய வருடம். மாசசூசெட்ஸில் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர் அதை அப்படியே கேமாக்கினார்.

ஓடம் நிலாவை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. பத்து வினாடிக்கு ஒருமுறை எவ்வளவு எரிபொருள் எரிக்கணும் என்று நீங்கள் சொல்லணும். அதிகம் எரித்தால் நடுவழியில் தீர்ந்துபோகும். குறைவாக எரித்தால் மோதிச் சிதறும்.

இதை எழுதணும்னா வேகம், உயரம், ஈர்ப்புவிசை எல்லாம் புரியணும். தேர்வுக்காக இல்லை. ஓடம் நொறுங்காமல் இருக்க.

14/
இப்படி நாடெங்கும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் எழுதிய கேம்கள் சிதறிக் கிடந்தன. டெக் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் ஆல் அவற்றைத் திரட்டி 1973-ல் ஒரு புத்தகம் போட்டார். 101 பேசிக் கேம்கள். ஒவ்வொரு கேமின் முழு ப்ரோகிராமும் வரிக்கு வரி அச்சில்.

1978-ல் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றபடி அதன் புதிய பதிப்பு வந்தது. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற முதல் கம்ப்யூட்டர் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள்.

சமையல் புத்தகம் மாதிரி. படிச்சா மட்டும் பசி தீராது. நீங்களே செய்யணும், அதாவது தட்டச்சு செய்யணும்.

15/
அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த கேம் ஹமுராபி. பழைய சுமேரிய நாட்டுக்கு நீங்கள்தான் அரசர். பத்து வருட ஆட்சி.

தொடக்கத்தில் 100 மக்கள், 1000 ஏக்கர் நிலம், 2800 புஷல் தானியம் (நம்ம மரக்கால் மாதிரி ஒரு அளவு). ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 20 புஷல் சாப்பாடு. ஆக 2000 போச்சு. ஒரு ஏக்கர் விதைக்க அரை புஷல். ஆயிரம் ஏக்கருக்கு 500 போச்சு. மிச்சம் 300. அதில் நிலம் வாங்குவீங்களா, சேமிப்பீங்களா? சேமித்தால் எலி தின்னலாம். ஒரே வருடத்தில் 45 சதவீதத்துக்கு மேல் மக்கள் பட்டினியில் செத்தால் உங்களைப் பதவியிலிருந்து தூக்கிடுவாங்க.

16/
டாக்டரா என்னை உட்கார வைத்த இடம் வேறு. அந்த ப்ரோகிராமில் கொள்ளைநோய்க்கு ஒரு வரி உண்டு. 15 சதவீத வாய்ப்பு என்று பக்கத்திலேயே குறிப்பு. வந்தால் மக்கள்தொகை பாதியாகிவிடும்.

அச்சில் இதைப் பார்த்த பிள்ளை அடுத்து என்ன செய்யும்? அந்த வரியையே எடுத்துவிடும்! நோய் ஒழிஞ்சது. (எங்களுக்கும் இவ்வளவு சுலபமாக இருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும்.)

அப்புறம் யோசிக்கும். நோய் இல்லை, மக்கள் பெருகுறாங்க, சாப்பாடு பத்தலையே? உடனே இன்னொரு எண்ணை மாற்றும். இது கேம் ஆடுவதிலிருந்து ரொம்ப தூரம் வந்தாச்சு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எப்படி நகருது என்று பார்க்கிறது பிள்ளை. ப்ரோகிராமிங் என்பதே அதுதான்.

17/
புத்தகத்தைப் பார்த்துத் தட்டும்போது தப்பு வராமல் இருக்காது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போகும். ஓ-வும் பூஜ்யமும் மாறிப்போகும். கேம் ஓடாது. எந்த வரி என்று தேடித்தான் ஆகணும்.

இந்தத் தேடலை ஒரு கல்வித் தத்துவமாகவே பார்த்தவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயிடம் ஜெனீவாவில் சில வருடங்கள் வேலை செய்தவர். 1967-ல் அவரும் வாலி ஃபயர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து பிள்ளைகளுக்காகவே லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். பிற்பாடு அதில் ஒரு ஆமை வந்தது. "முன்னே போ, வலது திரும்பு" என்று சொன்னால் போய்ப் படம் வரையும்.

18/
பேப்பர்ட் சொன்னதன் சாரம் இது. பள்ளியில் விடை ஒன்று சரி, அல்லது தப்பு. தப்பு என்றால் சிவப்பு மையில் சுழி, அத்தோடு கதை முடிஞ்சது. ப்ரோகிராமில் அப்படி இல்லை. முதல் தடவையே சரியா வருவது அபூர்வம். ஆகவே "இது சரியா தப்பா" என்பது கேள்வி இல்லை. "இதை எப்படிச் சரிபண்ணலாம்" என்பதுதான் கேள்வி.

நம்ம பிள்ளைகள் தப்புக்கு எவ்வளவு பயப்படுறாங்கன்னு ரிசல்ட் வரும் நாட்களில் டியூட்டி பார்க்கும் எந்த அரசு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். தப்பைத் திருத்திக்கலாம் என்று ஒரு பிள்ளை தன் கையாலேயே தெரிஞ்சுக்கிற இடம் எங்க இருந்தாலும் அது எனக்கு முக்கியம்.

19/
1980-களில் கம்ப்யூட்டர் வீட்டுக்கே வந்தது. பிரிட்டனில் பிபிசி ஒளிபரப்பு நிறுவனமே ஒரு கல்வித் திட்டம் தொடங்கி, 1981 கடைசியில் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. செய்தது ஏகார்ன் நிறுவனம். 1984-ல் தொடங்கிய இந்திய அரசின் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டமான கிளாஸ் திட்டத்திலும் இதே பிபிசி மைக்ரோதான்.

அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு விசேஷம். ஸ்விட்ச் போட்டதும் பேசிக் நேராகத் திறந்து, ஒரு கர்சர் கண் சிமிட்டிக்கிட்டு நிற்கும். "என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்கிற மாதிரி. கேம் வேணுமா? பத்திரிகையில் வந்ததைத் தட்டு. இல்லைன்னா நீயே எழுது.

20/
எல்லாரும் கைதட்டவில்லை. டைக்ஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற டச்சுக் கணினி அறிஞர், பேசிக் கற்றவனுக்கு அப்புறம் நல்ல ப்ரோகிராமிங் சொல்லித்தரவே முடியாது என்ற அளவுக்குக் கடுமையாக எழுதினார். "அங்கே போ, இங்கே போ" என்று தாவும் கோ டூ-வால் பெரிய ப்ரோகிராம்கள் நூல்கண்டு மாதிரி சிக்கிவிடும். அவர் சொன்னதில் நியாயம் உண்டு.

ஆனால் அந்தச் சிக்கலில் இருந்து வெளியே வந்து பெரிய ப்ரோகிராமர் ஆனவர்கள் ஏராளம். முதலில் நடக்கட்டும், நடையழகை அப்புறம் பார்க்கலாம்.

21/
பிறகு கதை மாறியது. கேம்கள் கார்ட்ரிட்ஜிலும் சிடியிலும் மூடி வந்தன. ஆட மட்டும்தான் முடியும், திறக்க முடியாது. கம்ப்யூட்டரை ஸ்விட்ச் போட்டால் படங்களும் ஐகான்களும். காத்து நின்ற அந்தக் கர்சரைக் காணோம்.

2000-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபன் அப்டன் ஒன்றைக் கவனித்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைகிறார்கள். வருபவர்களுக்கும் முன்பு போல ப்ரோகிராம் எழுதின பழக்கம் இல்லை. கம்ப்யூட்டர்கள் பெருகின, கைவைத்துப் பழகினவர்கள் குறைந்தார்கள்.

அதற்கு விடையாகத்தான் 2012 பிப்ரவரி 29-ல் ராஸ்பெர்ரி பை வந்தது. 35 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டர். அதற்கு முன்பே 2007-ல், பேப்பர்ட் வழியில் வந்த மிட்ச் ரெஸ்னிக் குழு எம்.ஐ.டி-யில் ஸ்க்ராட்சை வெளியிட்டது. கட்டளைகளைக் கட்டைகள் போல அடுக்கியே கேம் செய்யலாம். இன்றும் இலவசம்.

22/
சரி டாக்டர், இப்ப என்ன சொல்ல வர்றீங்க?

கேம் ஆடினால் கோடிங் வந்துவிடும் என்று சொல்லவில்லை. வராது. பத்து மணி நேரம் பஸ்ஸில் போனாலும் டிரைவிங் வராது. அந்தப் பிள்ளைகள் கற்றதற்குக் காரணம், கேம் சின்னதா இருந்துச்சு, திறந்து இருந்துச்சு, மாற்ற முடிஞ்சுது. பக்கத்தில் "தொடாதே" என்று சொல்ல ஆள் இல்லை.

கோடிங் கிளாஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணும் என்றும் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளையும் ப்ரோகிராமர் ஆகணும் என்றும் இல்லை. "இதையெல்லாம் கம்பெனிதான் செய்யும், நான் ஆடத்தான் பிறந்தேன்" என்ற நினைப்பு மட்டும் அதுக்குள்ள குடியேறிடக் கூடாது.

23/
என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். போன லீவில் இரண்டு பேரும் பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து அந்த ஐந்து வரி கேமைப் பைத்தானில் எழுதினோம். எனக்கும் அதுதான் முதல் கேம். ஏழு வாய்ப்பு என்று வைத்தோம். ஒவ்வொரு தடவையும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் நூறுக்குள் எந்த எண்ணையும் ஏழு கேள்வியில் பிடித்துவிடலாம். நான் தொடர்ந்து ஜெயிச்சேன்.

மறுநாள் "ஆடுங்கப்பா"ன்னா. தோத்தேன். மறுபடி தோத்தேன். பார்த்தால், எனக்குத் தெரியாமல் 100-ஐ 1000 ஆக்கி வச்சிருக்கா. வாய்ப்பு அதே ஏழு.

"ஏமாத்துறியா பாப்பா?"

"ஒரு சைபர்தானேப்பா சேர்த்தேன். எத்தனை சான்ஸ் வேணும்னு நீங்களே கண்டுபிடிங்க."

பேப்பரில் போட்டுப் பார்த்தோம். பத்து. எண்கள் பத்து மடங்கு ஆனாலும் கூடுதலாக மூன்றே கேள்வி. இதை எனக்கு எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக யாரும் காட்டலை.

24/
வீட்டில் லேப்டாப் இல்லையா? பரவாயில்லை. அந்த ஐந்து வரியைத் தாளில் எழுதிக் கொடுங்க. பிள்ளை கம்ப்யூட்டர், நீங்க ஆட்டக்காரர். வரி வரியா அதன்படி மட்டும்தான் நடக்கணும். அப்புறம் ஒரு வரியை மாற்றச் சொல்லுங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க. பள்ளியில் லேப் இருந்தால், "பிள்ளைங்க கையால தொட விடுறீங்களா?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்க.

அந்த எட்டாவது பையன் அடுத்த வாரம் ரிவ்யூவுக்கு வர்றான். தலைவலி எப்படி இருக்குன்னு முதலில் கேட்பேன். ஐந்து வரியை ஒரு தாளில் எழுதி மேஜை டிராயரில் வச்சிருக்கேன். அதையும் கொடுக்கப் போறேன்.

நீங்க எழுதின முதல் ப்ரோகிராம் எது, எங்கே, யார் தொட விட்டாங்க? கீழே சொல்லுங்க. ட்யூட்டி முடிஞ்சு வந்து ஒவ்வொன்றா வாசிக்கிறேன்.